டிராக்டர் வராத நேரத்தில் படகை கரையேற்றுவது எப்படி? பழவேற்காடு குப்பங்களில் கைபலம்தான் கிரேன்!

பழவேற்காடு:

வங்கக்கடலில் புயல் சின்னம் என்று அறிவிப்பு வந்துவிட்டால் போதும். லைட்ஹவுஸ்குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் என்று பழவேற்காடு கடலோரம் முழுக்க ஒரே பரபரப்புதான். வலையை மேட்டுக்கு தூக்க வேண்டும், எஞ்சினை கழற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக படகை அலை தொடாத இடத்துக்கு கொண்டு போக வேண்டும்.

தமிழக கடற்கரையில் இப்போது பல ஊர்களில் இந்த வேலையை டிராக்டரும் கிரேனும் செய்கின்றன. சிக்கல் என்னவென்றால், புயல் நாளில் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் தேவைப்படும். வாடகை ஏறும். வந்த டிராக்டரும் பொடி மணலில் புதைந்து நின்றால் அவ்வளவுதான், சோலி முடிஞ்சுது. அப்போது லட்சக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய படகை காப்பாற்ற கையும் கயிறும்தான் மிச்சம்.

அவிழ்க்க முடியாத படகு

முன்பெல்லாம் இந்த தலைவலி இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. காரணம் கட்டுமரம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்தால் தனித்தனி கட்டையாகிவிடும். ஒவ்வொன்றாக தோளில் சுமந்து மேட்டில் போட்டு காய வைப்பார்கள். கட்டை தண்ணீர் குடித்து கனம் ஏறாமல் இருக்கவும் அதுவே வழி. ஆக, கட்டுமரம் என்பது கடலில் ஒரே மரம், கரையில் நாலைந்து சுமை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. கட்டுமரம் குறைந்தது. ஃபைபர் படகு வேகமாக போகும், அதிக மீன் ஏற்றும். ஆனால் அதை அவிழ்த்து பங்கு போட்டு சுமக்க முடியாது. மொத்த எடையையும் ஒரே நேரத்தில் நகர்த்தியாக வேண்டும்.

எத்தனை பேர் வேண்டும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சாமான்களோடு படகு ஒரு டன் எடை என்று வைத்துக்கொள்வோம். கரை பத்து அடிக்கு ஒரு அடி ஏறுகிறது என்றால், சரிவை வெல்ல மட்டும் சுமார் 100 கிலோ இழுவிசை தேவை. அது பெரிய விஷயமே இல்லை. உண்மையான எதிரி மணல்தான். காய்ந்த மணலில் உராய்வு எடையில் பாதி என்று எடுத்தால் 500 கிலோ. மொத்தம் 600. ஒருவர் தொடர்ந்து 30 கிலோ இழுப்பார் என்றால் 20 பேர் வேண்டும். புயல் நேரத்தில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் படகை பார்த்துக்கொண்டிருக்கும்போது 20 பேருக்கு எங்கே போவது?

அதனால் ஆளை கூட்டுவதைவிட எடையையும் உராய்வையும் குறைப்பதுதான் புத்திசாலித்தனம். எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி, டீசல் கேன் எல்லாம் முதலில் இறங்க வேண்டும். அடியில் தேங்கிய தண்ணீரை பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லிட்டர் தேங்கியிருந்தால் மேலே சொன்ன கணக்குப்படி இன்னும் நாலு பேர் கூடுதலாக வேண்டும். அடைப்பானை பிடுங்கிவிட்டால் பத்து நிமிடத்தில் அந்த நாலு பேர் மிச்சம்.

கட்டையும் பலகையும்

அடுத்தது உருளை. பனை, சவுக்கு கட்டைகளை படகுக்கு அடியில் கொடுத்து உருட்டுவது. வெறும் மணலில் கட்டை போட்டால் படகு எடைக்கு அது மணலுக்குள் அமுங்கி நின்றுவிடும், உருளாது. கீழே பலகை போட்டு அதன் மேல் கட்டை ஓட வேண்டும். இது சரியாக அமைந்தால் 500 கிலோ உராய்வு 100 கிலோவுக்கும் இறங்கலாம். அப்போது 20 பேர் வேலையை ஏழெட்டு பேர் முடித்துவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை. படகு இரண்டு அடி நகர்ந்தால் கட்டை ஒரு அடிதான் நகரும். அதனால் கட்டைகள் ஒவ்வொன்றாக பின்னால் கழன்று விழுந்துகொண்டே இருக்கும். அதை எடுத்து முன்னால் போடுவதற்கு என்றே ஒரு ஆள் வேண்டும். சின்ன பையன்களை இந்த வேலைக்கு விடக் கூடாது. கட்டைக்கும் படகுக்கும் நடுவில் கை சிக்கினால் விரல் போய்விடும்.

கட்டை இல்லாவிட்டால் ஈர மணலாவது கை கொடுக்கும். பழங்கால எகிப்தில் ஒரு கல்லறை ஓவியத்தில், பெரிய சிலையை சறுக்கு வண்டியில் இழுக்க, முன்னால் ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுவது வரையப்பட்டுள்ளது. 2014-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதை சோதித்துப் பார்த்து, சரியான அளவு ஈரம் இருந்தால் இழுவிசை ஏறக்குறைய பாதியாக குறைகிறது என்று கண்டுபிடித்தனர். ஈர மணல் கெட்டியாக இருப்பதால் முன்னால் குவியாது. அதற்காக குடம் குடமாக ஊற்றி சேறாக்கினால் காரியம் கெட்டுப்போகும்.

ஆட்கள் ரொம்ப குறைவாக இருந்தால் ‘நடத்தி’ கொண்டு போகலாம். முன்பக்கமான அணியத்தை மட்டும் நாலைந்து பேர் முதுகு கொடுத்து தூக்கி மேட்டுப்பக்கம் திருப்புவது. பிறகு பின்பக்கத்தை அதேபோல் திருப்புவது. இப்படி மாற்றி மாற்றி செய்தால் படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறும். ஒரு முனையை தூக்கும்போது பாதி எடைதான் கையில் வரும் என்பது இதன் ரகசியம். மெதுவான வேலை, இடுப்பு பெண்டு கழன்றுவிடும். ஆனால் ஏறும்.

சக்கரம் வைத்தால் போச்சா?

டிராலி செய்துவிட்டால் சுலபம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒல்லி சக்கரம் மணலில் கத்தி மாதிரி இறங்கும். அகலமான பழைய கார் டயர், அதிலும் காற்றை கொஞ்சம் குறைத்தால்தான் மணல் மேல் மிதந்து ஓடும். அமெரிக்காவில் காரின் பின்னால் கட்டி இழுக்கும் சுற்றுலா டிரெய்லர்களை கார் இல்லாமல் கையால் நகர்த்துபவர்களுக்கும் இதே பிரச்சினைதான். தார் ரோட்டில் இரண்டு பேர் தள்ளும் வண்டியை புல்தரையில் ஆறு பேராலும் அசைக்க முடியாது.

சக்கரத்தில் இன்னொரு ஆபத்து, பின்னால் உருள்வது. திருவாரூர் ஆழித்தேர் இழுக்கும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவதற்கென்றே அனுபவசாலிகள் இருப்பார்கள். படகுக்கும் அதே வழிதான். ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் ஒரு கட்டை விழ வேண்டும். கட்டை போடுபவர் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், படகுக்கு நேர் கீழே அல்ல.

கயிறு அறுந்தால்...

கப்பி இருந்தால் ஆள் தேவை இன்னும் குறையும். கப்பியை கட்ட மரம் இல்லாத இடத்தில், ஒரு கட்டையை மணலில் ஆழமாக குறுக்கே புதைத்து அதில் கட்டுவார்கள். நாலு மடங்கு பலம் கிடைத்தால் நாலு மடங்கு நீளம் கயிறு இழுக்க வேண்டியிருக்கும். நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீளும். அறுந்தால் சாட்டையாக திரும்பி அடிக்கும். கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

‘ஏலேலோ, ஐலசா’ வெறும் பாட்டு அல்ல. பத்து பேர் தனித்தனியாக இழுத்தால் படகு அசையாது. ஒரே நொடியில் இழுத்தால் அசையும். அசைந்துவிட்டால் நிற்க விடக் கூடாது. நின்ற படகை கிளப்ப தேவைப்படும் விசை, ஓடுகிற படகை ஓட்டுவதைவிட அதிகம். குரல் கொடுப்பவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

ஏரிக்குள் படகு கட்டுபவர்களின் கதை வேறு. அவர்களுக்கு முகத்துவாரத்தில் மணல் தூர்ந்து படகு தரை தட்டுவதுதான் தொல்லை. அங்கே ஆட்கள் தண்ணீரில் குதித்து இறங்கினாலே படகு கொஞ்சம் மேலே எழும்பும். அடுத்த அலை வந்து தூக்கும் நொடியில் தள்ள வேண்டும். அலை போன பிறகு தள்ளினால் மூச்சுதான் வீண்.

மேட்டுக்கு ஏற்றியதோடு வேலை முடிவதில்லை. காலி ஃபைபர் படகை புயல் காற்று புரட்டிவிடும். படகோடு படகு மோதினால் பக்கவாட்டு பலகை பிளந்துவிடும். இடைவெளி விட்டு நிறுத்தி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, உள்ளே மணல் மூட்டை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு போக வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று இந்த கரைப்பக்கம் வந்த புயல்கள் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் வந்தன. கட்டை, பலகை, கயிறு மூன்றையும் அக்டோபருக்கு முன்பே எடுத்து வைத்துவிடுவது நல்லது.