சைக்கிள் டியூப் வாங்கப் போறீங்களா?

நம்மில் நிறைய பேர் பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில்தான் வர்றோம். பிளஸ் ஒன் போனால் அரசு சைக்கிள் கிடைக்கும். அதுவரை அப்பாவோ சித்தப்பாவோ ஓட்டிய பழைய வண்டிதான். காலையில் காற்று இறங்கினால் முதல் பீரியட் போச்சு. சாயங்காலம் இறங்கினால் இருட்டுறதுக்குள்ள தள்ளிக்கிட்டே வீடு போய்ச் சேரணும். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சைக்கிள்" என்று சில வீடுகளில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் டியூப் விஷயம் நமக்கே தெரிந்திருக்கணும்.

காற்று நிற்கவில்லை என்றதும் புது டியூப் வாங்க ஓடாதீங்க. பழைய வகை வால்வுக்குள் வால்டியூப் என்று ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும். காற்று அடிக்கும்போது அது விரிந்து வழிவிடும், பிறகு ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். நாளாக நாளாக அது காய்ந்து வெடித்துப்போகும். வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்க. குமிழி வந்தால் மாற்ற வேண்டியது வால்டியூப் மட்டும்தான். ஒரு டீ விலைகூட ஆகாது!

பஞ்சர்தான் என்றால், ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்க. டயர் பக்கம் என்றால் முள்ளோ ஆணியோ. கருவேல முள் ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் அன்றைக்கே பஞ்சர். துணியால் டயரின் உள்பக்கம் தடவினால் முள் இருக்கிற இடத்தில் துணி மாட்டும். ஓட்டை ரிம் பக்கம் என்றால் கம்பி முனை குத்துகிறது, அதை மூடுகிற பட்டையை மாற்றணும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் டியூப் வேணும் என்றால் முதலில் சைஸ். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும். பெரிய ஜென்ட்ஸ் சைக்கிளுக்கு 28 x 1½. லேடீஸ் சைக்கிள் பலவற்றுக்கு 26 x 1⅜. தடித்த டயர் போட்ட புது மாடல்களில் 26 x 1.95 என்று இருக்கும். "26 டியூப் குடுங்க" என்று மட்டும் கேட்காதீங்க. இரண்டும் 26 என்றாலும் ஒன்றின் ரிம் 590 மில்லிமீட்டர், மற்றதின் ரிம் 559 மில்லிமீட்டர். பெரிய டியூப் போட்டால் உள்ளே மடிந்து அந்த மடிப்பிலேயே கிழியும். சின்னது போட்டால் இழுபட்டு மெலிசாகிவிடும்.

அடுத்தது வால்வு. வால்டியூப் போடும் வகைக்குக் கைப்பம்பு போதும், ரிப்பேரும் நாமே செய்யலாம். ஆனால் பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் அதில் பொருந்தாது. மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற வால்வு என்றால் பங்க்கில் அடிக்கலாம். ஆனா கொஞ்சம் கொஞ்சமா அடிக்கச் சொல்லுங்க, சைக்கிள் டியூப்புக்குள் இடம் குறைவு. என்னைக் கேட்டால், பங்க் இல்லாத ஊருக்குப் பழைய வால்வுதான் சரி.

கடைசியாக ரப்பர். கன்னியாகுமரி மாவட்டத்தில் மரத்திலிருந்து பால் எடுக்கிறார்களே, அந்த இயற்கை ரப்பர் டியூப் நன்றாக இழுபடும், பஞ்சர் ஒட்டினால் சுலபமாகப் பிடிக்கும். ஆனால் காற்று சீக்கிரம் குறையும். 1937-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர் காற்றை அவ்வளவு சுலபமாக வெளியே விடாது. அட்டைப்பெட்டியில் 'பியூட்டைல்' என்று போட்டிருக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவை காற்றடிக்க முடியாதவர்கள் இதையே வாங்கலாம். ஒட்டும்போது மட்டும் உப்புத்தாளால் நல்லாத் தேய்த்து, சொல்யூஷன் காய்ந்த பிறகு பேட்ச் வைக்கணும்.

சில பேர் பையில் புது டியூப் வைத்திருக்கிறார்கள். ஸ்பேனர் இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற முடியாதே! அதற்குப் பதிலாக ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு துண்டு வால்டியூப் போட்டு வையுங்க. பம்பு வழியில் எந்த வீட்டில் கேட்டாலும் தருவார்கள்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி