பொடவில் தங்கும் பழந்தின்னி வௌவால்

நீங்கள் நிற்கும் காடு, 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1948இல் மேகமலையில் இயற்கையாளர் ஆங்கஸ் ஹட்டன் சேகரித்த வௌவால் ஒன்று, சாதாரணக் குட்டைமூக்குப் பழந்தின்னி என்று கருதப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா 1972இல் அதற்குப் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். இனம் மட்டுமல்ல, பேரினமே புதிது! அகன்ற பல், வெளியே தெரியாத வால். அந்தப் பேரினத்தில் வேறு உறவு கிடையாது.

பகலில் பாறைப் பொடவுகளில் (குகைகளில்) தொங்கும். இரவில் பழம் தேடிப் பறக்கும். வெளியே வேலை இருப்பதால் அதன் கண்கள் மங்கவில்லை. மலைக்கு அப்பால், கேரளத்தின் நிலத்தடி நீரில் வாழும் ஹோராகிளானிஸ் கெளுத்திகளுக்கோ கண்ணும் இல்லை, நிறமியும் இல்லை. தோலினூடே இரத்தச் சிவப்பு தெரியும். முழு இருளில் கண்ணைக் கெடுக்கும் மரபணு மாற்றங்களை இயற்கைத் தேர்வு களைவதில்லை. அவை தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகின்றன.

பட்டாசு செய்யும் ஊர்களிலிருந்து வருபவர்களிடம் உரிமையோடு கேட்கிறோம்: பொடவுகளின் அருகே வெடி வேண்டாம், புகையும் வேண்டாம். வௌவால் கூட்டம் பதறிக் கலைந்தால், தாயைப் பற்றியிருக்கும் குட்டி கீழே விழக்கூடும்.