கைக்கருவிகளின் கூரும் காம்பும்

குடியானவர் வீட்டில் டிராக்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மண்வெட்டியும் அரிவாளும் இல்லாமல் இரா. வரப்பைக் கழிப்பது, மடையைத் திறப்பது, மாட்டுக்குப் புல் அறுப்பது, சமையலறையில் கறிகாய் நறுக்குவது ஆகிய வேலைகள் யாவும் நாள்தோறும் இத்தகைய கைக்கருவிகளைக் கொண்டே நடைபெறுகின்றன. இவை இவ்வளவு பழகிய பொருள்களானது பற்றியே இவற்றைக் குறித்து அநேகர் யோசிப்பதில்லை. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர், அரிவாள் வாங்கும்போது பளபளப்பை மட்டும் பார்த்து எடுத்து வந்துவிடுகிறார். மழுங்கிய கருவியால் உண்டாகும் நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அது கூலியிலும், வேலை செய்பவருடைய முதுகிலும் தோளிலும் போய்ச் சேருகிறது.

துருவேறிச் சொரசொரப்பான மண்வெட்டித் தகட்டில் ஈரக் களிமண் ஒட்டிக்கொள்ளும். தேய்ந்து வழவழப்பான தகட்டிலிருந்து அது வழுகி விழுந்துவிடும். ஒவ்வொரு வெட்டிலும் அரைக் கிலோ மண் ஒட்டி நிற்பதாக வைத்துக்கொள்வோம். நிமிஷத்திற்குப் பத்து முறை மண்வெட்டியை ஓங்குகிறவர் ஒரு மணி நேரத்தில் 600 முறை ஓங்குகிறார். அதாவது 300 கிலோ மண்ணை யாதொரு பயனுமின்றித் தூக்கி இறக்குகிறார். வேலையாள் மெத்தனமாய் இருக்கிறார் என்று நிலத்துக்குடையவர் கோபித்துக்கொள்வதற்கு முன், தகட்டைத் திருப்பிப் பார்ப்பது நலம்.

கூர் நிலைத்து நிற்பது எஃகின் குணம். 100 பங்கு இரும்பில் கரி, அதாவது கார்பன், கால் பங்குக்கும் குறைந்திருந்தால், அதைக் காய்ச்சி நீரில் தோய்த்தாலும் போதிய கடினம் வாராது. அரைப் பங்கும் அதற்குச் சற்று மேலும் இருந்தால் நன்றாகக் கடினப்படும். லாரியின் வில்பட்டையில் ஏறக்குறைய இந்த அளவு கரி இருப்பதனால்தான் கிராமக் கொல்லர்கள் பழைய பட்டைகளைத் தேடி வாங்குகின்றனர். எஃகுத் தொழில் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்திலுள்ள கொடுமணலில் 1980களில் தொடங்கி நடைபெற்ற அகழாய்வுகளில் பழங்காலத்து இரும்பு உலைகளின் அடையாளங்கள் கண்டெடுக்கப்பட்டன. ஆயினும் பெயர் பெற்ற எஃகு என்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் எஃகாகிவிடாது. கடையிலேயே ஒரு சிறு அரத்தை வெட்டுவாயின் ஓரத்தில் வைத்து இலேசாகத் தேய்த்துப் பார்க்கலாம். அரம் வெண்ணெயில் ஓடுவது போலப் பற்றிக்கொண்டு பொடி உதிர்ந்தால் அந்த வாய் மென்மையானது. சற்றே வழுக்கிச் சென்றால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு கருவியைத் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டிக் கேட்க வேண்டும். மணி போன்ற ஓசைக்குப் பதிலாகப் பொத்தல் ஓசை வந்தால் உள்ளே கீறல் உண்டு.

நல்ல எஃகும் தோய்ச்சல் தவறினால் பயன்படாது. காந்தம் ஒட்டாமற்போகும் சூடு சுமார் 770 டிகிரி சென்டிகிரேடு. அதற்குச் சற்று மேற்பட்ட சிவந்த சூடே தோய்ச்சலுக்கு உரியது. கண் கூசும் மஞ்சள் நிறம் வரும்வரை உலையில் கிடந்த இரும்பின் மணிகள் பருத்துப்போய், கல்லில் பட்டவுடன் வாய் உடையும். வில்பட்டையால் செய்த கருவியை எண்ணெயில் தோய்ப்பதே பத்திரம். நீரில் தோய்த்தால் வெடிப்பதுண்டு. தோய்த்த மாத்திரத்தில் வாய் கண்ணாடி போலக் கடினமாகவும் முறியக் கூடியதாகவும் இருக்கும். ஆகவே அதை மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்த வேண்டும். அனுபவமுள்ள கொல்லர் வாயை மட்டும் தோய்த்தெடுத்து, ஓரத்தைத் தேய்த்து வெளுப்பாக்கிவிட்டுக் காத்திருக்கிறார். பின்பக்கத்துச் சூடு மெல்ல வாய்க்கு ஓடி வரும்போது நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். வைக்கோல் நிறம் சுமார் 230 டிகிரியிலும், மயில் கழுத்தைப் போன்ற ஊதா 280 டிகிரியை ஒட்டியும், நீலம் 300 டிகிரியிலும் காணும். கூர் முக்கியமான அரிவாளுக்கு வைக்கோல் நிறத்திலும், கல்லடி படும் மண்வெட்டிக்கு நீல நிறத்திலும் நிறுத்துவது முறை.

இந்த நிறங்களைக் கொல்லர் மட்டுமன்றிக் குடியானவரும் அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் இக்காலத்தில் மோட்டார் சாணையில் கொடுத்துத் தீட்டும் வழக்கம் பெருகியிருக்கிறது. வேகமாய்ச் சுழலும் கல்லில் வாயை அழுத்திப் பிடித்தால் ஓரிரு விநாடிகளில் ஓரம் நீலம் பாரிக்கும். பார்வைக்கு அது அழகாய் இருக்கலாம். அரிவாளில் அவ்விடத்துக் கடினம் போய்விட்டது என்பதே அதன் பொருள். இரண்டு நாள் அறுப்பில் அந்த இடம் மட்டும் மழுங்கும். பிறகு மீண்டும் சாணை, மீண்டும் நீலம் என்று, மூன்று ஆண்டு உழைக்கவேண்டிய அரிவாள் ஒரு போகத்தில் தேய்ந்துவிடும். சாணைக்காரர் பக்கத்தில் நீர்ப்பாத்திரம் வைத்து அடிக்கடி நனைக்கிறாரா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். அன்றாடத் தீட்டலுக்கு அரமும் ஈரச் சாணைக்கல்லுமே போதும். கொல்லர் எந்தப் பக்கத்தில் சரிவு வைத்திருக்கிறாரோ அந்தப் பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டும். இரு பக்கமும் தேய்த்தால் சரிவு மாறி, கருவி மண்ணிலோ தாளிலோ பதியாமல் நழுவும்.

இனிக் காம்பு. மண்வெட்டி கெடுவது பெரும்பாலும் காம்பினாலேயே. கருவேலமும் புளியும் காம்புக்கு உகந்த மரங்கள். மரம் எதுவாயினும், அறுத்த கட்டையைவிடப் பிளந்த கட்டை மேலானது. பிளவு நாரைப் பின்பற்றிச் செல்வதால், நார் குறுக்கே அறுபடாமல் காம்பின் முழு நீளத்திற்கும் ஓடும். பச்சை மரத்தில் காம்பு போட்டால் சில வாரங்களில் அது வற்றிச் சுருங்கித் தகடு ஆடத் தொடங்கும். நிழலில் உலர்த்திய மரமே வேண்டும்.

ஆடும் மண்வெட்டியை இரவெல்லாம் நீரில் ஊறப்போடுவது எங்கும் காணும் வழக்கம். மறுநாள் காலையில் இறுகியிருப்பது உண்மைதான். ஆனால் ஊறிப் பருத்த மரம் இரும்பு வளையத்துக்குள் விரிய இடமின்றித் தன் நாரைத் தானே நசுக்கிக்கொள்கிறது. வெயிலில் காய்ந்ததும் முன்னிலும் அதிகமாகச் சுருங்குகிறது. இவ்விதம் ஊறப்போட்ட மண்வெட்டியின் தகடு ஓங்கும்போது கழன்று பறந்து பக்கத்தில் நிற்பவர் காலில் விழக்கூடும். உலர்ந்த மரத்தில் ஆப்புச் செதுக்கி அடித்து இறுக்குவதே சரியான வழி. காம்பின் தலை நைந்துபோயிருந்தால் புதுக் காம்பு போடுவதே சிக்கனம். காம்புக்கு வர்ணம் பூசலாகாது; பூசினால் கீறல் கண்ணுக்குத் தெரியாது. பிடித்தால் பெருவிரல் நடுவிரல் நுனியைத் தொடும் பருமன் போதுமானது. நெட்டையான ஆளுக்குக் குட்டைக் காம்பைக் கொடுத்தால் மாலைக்குள் அவர் இடுப்பு அதைச் சொல்லிவிடும்.

அறுவடையில் மழுங்கிய அரிவாள் தாளை அறுக்காமல் இழுக்கிறது. இழுப்பில் கதிர் குலுங்கி முற்றிய மணிகள் வயலிலேயே உதிர்கின்றன. சில குத்துகள் வேரோடு வந்து கட்டில் மண்ணைச் சேர்க்கின்றன. பல் வெட்டிய கருக்கரிவாள் ரம்பம் போல் வேலை செய்வதால் அடிக்கடி தீட்ட வேண்டியதில்லை. ஆனால் பல் தேய்ந்தபின் வீட்டில் அதைச் சரிசெய்ய முடியாது, மறுபடி பல் வெட்டக் கொல்லரிடமே செல்ல வேண்டும். மழுங்கிய அரிவாளைப் பலங்கொண்டு இழுக்கும்போதுதான் அது நழுவி இடக்கை விரலில் பாய்கிறது. வெட்டுக்காயத்தைச் சேற்று நீரில் கழுவாமல், சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு கழுவித் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டி, வேண்டியிருந்தால் தசைவிறைப்பு ஜன்னிக்கான தடுப்பு ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டிலுள்ள அரிவாள்மணைக்கும் இந்த விதிகளே பொருந்தும். வாழைப்பூவும் கத்தரிக்காயும் நறுக்கியபின் இரும்பு வாய் கறுத்துப்போவது, காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்வதனால்தான். உடனே கழுவித் துடைத்துவிட்டால் போதும். சாதாரணத் துருப்பிடிக்காத எஃகு கறுக்காது. ஆனால் கரி குறைந்த தினுசுகளில் கூர் நெடுநாள் நில்லாது. வேலை முடிந்ததும் வாயை மடக்கிக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பது இல்லத்தரசிகள் அறியாததன்று.

வேலையில்லாத மாதங்களில் கருவிகளை உரமூட்டை அடுக்கிய அறையில் போட்டுவைப்பது பெருந்தவறு. யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் அங்கே துரு மிக விரைவில் ஏறும். மண்ணைச் சுரண்டிக் கழுவி, வெயிலில் உலர்த்தி, வண்டி மசகோ பழைய என்ஜின் எண்ணெயோ தடவிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடலாம். சமையற் கருவிகளுக்குத் தேங்காயெண்ணெய் மட்டுமே ஏற்றது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி என்று வைத்துக்கொண்டால், இரவல் போய்த் திரும்பாதது எது என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கடையில் விற்கும் அரிவாள்களின் சரிவும் பல்லும் வலக்கைக்காரரை உத்தேசித்தே அமைந்தவை. இடக்கையால் அறுப்பவருக்கு அவை எவ்வளவு தீட்டினாலும் சரியாக வெட்டாமல் வெளிப்பக்கம் விலகும். குடும்பத்திலோ அறுப்பு ஆட்களிலோ அப்படிப்பட்டவர் இருந்தால், சரிவை மறுபக்கத்தில் வைத்து அடித்துத் தரும்படி அறுவடைக்கு ஒரு மாதம் முன்னதாகவே கொல்லரிடம் சொல்லிவைக்க வேண்டும். அறுவடை நெருங்கிவிட்டால் உலைக்களத்தில் கூட்டம் மிகுந்து, இவ்வித வேலைக்கு அவருக்கு நேரம் இராது.