கூரைக்கு யார் பணம் கொடுப்பது?

ஐந்தாம் ஆண்டு படித்தபோது எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் ஒரு நன்கொடை அட்டை கொடுத்தார்கள். பள்ளிக் கூரை ஒழுகியது. அட்டையில் பத்துக் கட்டங்கள். கட்டத்துக்கு இரண்டு வெள்ளி. உறவினர் வீடுகளிலும் மளிகைக் கடையிலும் கேட்டு நான்கு கட்டங்களை நிரப்பினேன். மிச்சம் பன்னிரண்டு வெள்ளியை அப்பா போட்டார். பக்கத்துத் தேசியப் பள்ளியில் படித்த என் சித்தப்பா மகன் அப்படியோர் அட்டையைப் பார்த்ததே இல்லை.

காரணம் பல்கலைக்கழகம் வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் சில அரசாங்கத்தின் முழு உதவி பெறுபவை. பெரும்பாலானவை பகுதி உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளத்தை இரண்டுக்கும் அரசாங்கமே கொடுக்கிறது. பாடத்திட்டமும் ஒன்றுதான். கட்டடம், பராமரிப்பு என்று வரும்போதுதான் வேறுபாடு. பகுதி உதவிப் பள்ளிகளில் அந்தச் சுமையில் பெரும்பகுதி பள்ளி மேலாளர் வாரியத்தின் மீதும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மீதும் விழுகிறது.

இப்படிப் பிரிப்பது பெரும்பாலும் நிலம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். லயத்துக்குப் பக்கத்தில் தோட்ட நிலத்திலேயே பள்ளிகள் எழுந்தன. பிறகு தோட்டங்கள் கைமாறின, மக்கள் பட்டணம் போனார்கள். பல பள்ளிகளின் நிலம் மட்டும் இன்னும் அடுத்தவர் பெயரில் இருக்கிறது. நூறாண்டுக்கு முன் எந்தத் துரை எங்கே பலகைக் கொட்டகை போட்டார் என்பதா, இன்று ஏழு வயதுப் பிள்ளையின் தலைக்கு மேல் உள்ள கூரையை முடிவு செய்வது?

வரவு செலவுத் திட்டத்தில் சிறப்பு மானியம் வருகிறது, நல்லதுதான். ஆனால் அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். கழிவறைக் குழாய் மானியத்துக்குக் காத்திருந்து உடைவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழக்கறிஞரும் மருத்துவரும் வாரியத்தில் இருக்கும் பட்டணத்துப் பள்ளி ஒரே விருந்தில் பணம் திரட்டிவிடும். இருபது, முப்பது பிள்ளைகளோடு உள்ளே கிடக்கும் தோட்டப் பள்ளி யாரிடம் போய்க் கேட்கும்? தமிழ்ப்பள்ளிகளுக்குள்ளேயே இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வை நாம் அதிகம் பேசுவதில்லை.

“நம்ம பள்ளிய நாமதான் பாத்துக்கணும்” என்பார் என் மாமா. கூரைக்காக வாரக்கடைசிகளில் மரம் தூக்கியவர் அவர். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவரும் வரி கட்டுகிறவர்தான். பராமரிப்புப் பணத்தைப் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் கட்டடத்தின் வயதையும் பார்த்து ஒதுக்கலாமே, நிலப்பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று ஏன் பார்க்க வேண்டும்?