ஓர் அறைக்கு மஞ்சளா, நீலமா?

கெலமங்கலத்தில் புது வீட்டுக்குப் பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து முடித்ததும் கைக்கு வருவது ஷேடு கார்டு. வெளிர் மஞ்சளும் அடர் நீலமும் அதில் சின்னக் கட்டங்களாக இருக்கும். அதை மட்டும் நம்பி டின்டிங் மெஷினுக்கு எண்ணைச் சொல்லிவிடக் கூடாது. சுவரின் நிறத்தில் அறைக்கும் பங்கு உண்டு.

வெளிர் மஞ்சள் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, அடர் நீலம் 10 சதவீதத்தை மட்டும் என்று வைத்துக்கொள்வோம். திரும்பிய ஒளி எதிர்ச்சுவரில் பட்டு மறுபடி திரும்பும். மஞ்சள் அறையில் 100, 80, 64, 51 என்று போய், எல்லாம் சேர்ந்து 500 ஆகும். நீல அறையில் 100, 10, 1 என்று தேய்ந்து 111-இல் நின்றுவிடும். தரை, கூரை உட்பட எல்லாம் ஒரே நிறம் என்று போட்ட கணக்கு இது. வெள்ளைக் கூரை இருந்தால் வித்தியாசம் குறையும். இன்னொன்று: ஒவ்வொரு முறை படும்போதும் ஒளியில் சுவரின் நிறம் ஏறுகிறது. அட்டையில் வெளிறியிருந்த மஞ்சள் நான்கு சுவரிலும் அடித்ததும் அழுத்தமாகிவிடுவது இதனால்தான். கடைக்காரர் ஷேடை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகவேண்டாம்.

வடக்கு ஜன்னலில் வெயில் வராது, வானத்தின் நீலச் சாயல் ஒளிதான் வரும் என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும். கெலமங்கலம் 12.6 பாகை வட அட்சரேகையை ஒட்டிய ஊர். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை இங்கே உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. ஆகவே ஒரே வடக்கு அறையின் மஞ்சள் ஜூனில் ஒரு மாதிரியும் டிசம்பரில் ஒரு மாதிரியும் இருக்கும். இரவில் 3000 கெல்வின் எல்இடி விளக்கில் நீலம் கருத்துப்போகும். 6500 கெல்வினில் தெளியும்.

இரண்டையும் ஒட்டி அடித்துப் பார்ப்பதும் ஏமாற்றும். பாரிஸின் கோபெலின் சாயப்பட்டறையை மேற்பார்த்த வேதியியலாளர் செவ்ரல் 1839-இல் இதை விளக்கி நூல் எழுதினார்: எதிரெதிர் நிறங்கள் அருகருகே வந்தால் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும். எனவே வெவ்வேறு சுவர்களில் இரண்டடிச் சதுரமாக, இரண்டு கோட்டு அடித்து, காய்ந்தபின் காலையிலும் மாலையிலும் விளக்கிலும் பாருங்கள்.

என்னைக் கேட்டால் மூன்று சுவருக்கு மஞ்சள், ஒன்றுக்கு நீலம். அந்த ஒன்று ஜன்னல் உள்ள சுவராக இருக்கவேண்டாம். இருண்ட சுவருக்கு நடுவே பளீரென்ற ஜன்னல் கண்ணைக் கூசவைக்கும்.