ரோஷத்துக்குச் சம்பளம் கிடையாது

வடசென்னைப் பெரியவர்களிடம் பாக்ஸிங் பேச்சை எடுத்தால் கித்தேரி முத்துவில் வந்துதான் நிற்கும். ஆங்கிலோ இந்திய வீரர் நாட் டெர்ரியை வீழ்த்திய சார்பட்டா பரம்பரைக்காரர். பெரியார் அவருக்கு ‘திராவிட வீரன்’ என்று பட்டம் கொடுத்ததாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த விளையாட்டில், அவன் நிறத்துக்குப் பக்கத்தில் இருந்தவரைத் துறைமுகப் பக்கத்து ஆள் சாய்த்தால் ஊர் சும்மா இருக்குமா?

சார்பட்டாவுக்கு எதிரில் இடியப்ப நாயக்கர் பரம்பரை. பரம்பரை என்றாலும் ரத்த உறவு இல்லை, வாத்தியார்தான் உறவு. அவர் பெயருக்காக ஆடுவதால்தான் ‘ரோஷமான குத்துச்சண்டை’. டிக்கெட் போட்டு நடந்த ஆட்டங்கள் இவை. ஆடியவர்கள் காசும் வாங்கினார்கள். அந்த வகையில் தொழில்முறை வீரர்கள்தான். ஆனால் அந்தக் காசில் வருஷம் முழுக்க அடுப்பெரியாது. பகலில் துறைமுகத்தில் சரக்கு, இல்லாவிட்டால் கடலில் வலை, மில்லில் ஷிப்ட். கை உடைந்தால் இரண்டு பிழைப்பும் சேர்ந்தே போகும். 2021-ல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபோது இதெல்லாம் நிஜமா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். ஆட்டத்துக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் உலகச் சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. தமிழ்நாட்டு வீரர் ராக்கி பிராஸும் அலியோடு கிளவுஸ் மாட்டினார். அதுதான் உச்சம் என்பேன். மேடையில் முடியவேண்டிய சண்டை ரசிகர்களிடம் தொடர, போலீஸ் அனுமதி கிடைப்பது அரிதாகி, ரோஷமான ஆட்டம் மெல்ல மங்கியது.

மிச்சம் இருந்தது ஒலிம்பிக் பாணி. அது வேறு விளையாட்டு. 1992 பார்சிலோனாவிலிருந்து பல வருஷம் கம்ப்யூட்டர் மதிப்பெண் இருந்தது: ஐந்து நடுவர்களில் மூன்று பேர் ஒரே விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி கிடைத்தது. முகத்தில் பளிச்சென்று விழுந்த குத்து எண்ணிக்கையில் ஏறியது. விலாவில் இறங்கி எதிராளியை மூச்சுவாங்க வைத்த குத்து பலமுறை கணக்கிலேயே வரவில்லை. எதிராளியைப் படுக்கவைப்பதே ஆட்டம் என்று வளர்ந்த ஊருக்கு இது எப்படி ருசிக்கும்? ஆனாலும் அந்தக் கணக்கிலேயே தேறினார் சென்னை வீரர் வி. தேவராஜன். 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம், பிறகு அர்ஜுனா விருது.

இந்தப் பாணியில் பரிசுப் பணம் பெரிதில்லை. ஆனால் பதக்கம் வந்தால் ரயில்வே, ராணுவம், போலீஸில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. மாதம் பிறந்தால் சம்பளம், கடைசியில் பென்ஷன். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய விஜேந்தர் சிங், ஹரியானா போலீஸில் வேலை கிடைத்த பிறகுதான் 2015-ல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். கித்தேரி முத்து காலத்து ஆட்டக்காரர்களுக்கு இந்த வரிசையே கிடைக்கவில்லை. அவர்கள் முதலில் காசுக்கு ஆடினார்கள். மறுநாள் காலை ஷிப்டுக்கும் போனார்கள்.