தஞ்சைச் சேனாபதி மானோஜி
18ஆம் நூற்றாண்டு

வெண்ணாற்றினின்று கோரையாறும் பாமணியாறும் பிரிந்து வயல்களை நோக்கிச் செல்லும் இந்நீடாமங்கலத்தில், தம் தேவி யமுனாம்பாளின் நாமத்தால் சத்திரம் நிறுவிய பிரதாபசிம்ம மகாராஜாவின் ஆட்சிக் காலம் (1739–1763), தஞ்சையின் நெல்லையும் நிதியையும் விழைந்து பல சைனியங்கள் மோதிய கர்நாடக யுத்தங்களின் காலமாகும். அவ்விடர்ப் பொழுதில் இராஜ்யத்தின் கேடயமாய் நின்றவர் மராட்டியத் தளபதி மானோஜி.

1752 ஜூனில், திருவரங்கத்தில் தமக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையோடு முற்றுகையில் சிக்கிய, கர்நாடக நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபு, தப்பிச் செல்ல வழிவிடுவதாக மானோஜி அளித்த வாக்கை நம்பி அவர் பாசறையை அடைந்தார், அங்கே சிறைப்பட்டார், கைதியைத் தம்மிடமே ஒப்படைக்க வேண்டுமென அவரை முற்றுகையிட்ட நேச அணியினர் தம்முள் பூசலிட்ட நிலையில் சிரச்சேதம் செய்யப்பட்டார். வாக்குப் பிறழ்ந்த அக்களங்கம் தளபதியின் சரித்திரத்தில் நீங்காதது.

அரண்மனைச் சூழ்ச்சியால் பதவியிழந்து, பின்னர் மீண்டும் அழைக்கப்பெற்ற மானோஜி, 1758 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டபோது தம் பேராற்றலைக் காட்டினார். வெடிமருந்தும் உணவும் அருகிப் பகைவர் பின்வாங்க எண்ணிய வேளை, சேவகம் நாடி வந்தவர்போல் ஐம்பது குதிரைவீரர் விடியற்போதில் லாலியின் கூடாரத்தை நெருங்கித் தாக்க, கோட்டைப் படையும் வெளிப்போந்து பாய்ந்தது. லாலி காரைக்காலுக்குப் பின்வாங்க நேர்ந்தது.

தலைநகர் வீழாது நின்றமையாலேயே, இந்நதிதீரத்துக் குடிகள் அவ்வாண்டு அந்நிய ஆதிக்கத்திற்கு உட்படாது வாழ்ந்தனர்.